சத்தமில்லாமல் குடித்த மூன்று நாட்கள்

டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். அரவேணுவுக்குப் பக்கத்தில், சின்ன விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் நான் டேஸ்டர். முந்தின நாள் ஓடிய தூளையெல்லாம் காலை எட்டு மணிக்கு வடித்து வரிசையாகக் கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஒரு கரண்டி மொண்டு, உதட்டைக் குவித்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று இழுக்க வேண்டும். சாறு தூறலாகச் சிதறி நாக்கின் மூலை முடுக்கெல்லாம் பட்டு மூக்கின் பின்பக்கம் வரை ஏற வேண்டும். ஒரு கணம் வைத்திருந்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். காற்று சேராமல் குடித்தால் அது டீ குடித்த கணக்குதான், டேஸ்ட் பார்த்த கணக்கு ஆகாது.

அந்த நேரத்தில் மெஷின்கள் நின்றிருக்கும். என் சத்தம் டிரையர் இருக்கும் கூடம் வரை கேட்கும் என்று சொல்வார்கள். சின்ன வயதில் இதே சத்தத்துக்காக வீட்டில் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சில தடைகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். வாசனைப் பவுடர் கூடாது, மல்லிகைப்பூ கூடாது, காலையில் வெங்காயம் கூடாது. எனக்கு வேலை பழக்கியவர் இன்னொன்றும் சொன்னார்: காலையில் பேஸ்ட் போட்டுப் பல் தேய்த்துவிட்டு வராதே, புதினா வாசனை நாக்கை விட்டுப் போகாது. அவர் சொன்னது காலையில் மட்டும். அதை ஆயுள் விரதமாக மாற்றிக்கொண்டது நான்தான். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக, காலை மாலை எந்த வேளையிலும், என் வாயில் பேஸ்ட் படவில்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் கணவருக்கு ஒரு பேஸ்ட் இருக்கும், எனக்கு ஒரு உப்பு டப்பா இருக்கும். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எதிலும் தப்புக் கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

"ஊர்ல எல்லாரும் உப்பைக் கொழம்புல போடறாங்க. நீ பல்லுல போடற" என்பார்.

"உங்க பல்லை வச்சு ஒரு ஃபேக்டரி ஓடுதுங்களா? எம்பல்லை வச்சு ஓடுதுங்க" என்பேன். அத்தனை திமிர் எனக்கு.

உப்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பது கிண்ணம் உறிஞ்சி முடித்தால் துவர்ப்பு ஏறி நாக்கு தோல் செருப்புப் போல ஆகிவிடும். அப்புறம் எந்தக் கிண்ணமும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்துக் கிண்ணத்துக்கு ஒரு தடவை, உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டை முன்பற்களால் கடித்து இழுப்பேன். நாக்கு சட்டென்று விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு பெரிய துண்டு. அது வாயில் இருக்கும்போதே கையோடு கையாக உப்பைத் தொட்டுப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுவேன். டீ பார்க்கிறவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். என் பல்லில் ஏறவில்லை. சர்ச்சில் பாட்டுக்கு வாய் திறக்கும்போது பக்கத்து வரிசைப் பெண்கள் பார்ப்பார்கள். "எப்படி இவ்வளவு வெள்ளையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் எலுமிச்சை வைத்தியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் யாரும் அதைக் கேட்டு நடக்காமல் இருந்திருந்தால் நல்லது.

பிற்பாடு, எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, அந்த வெள்ளை மங்க ஆரம்பித்தது. முன்பற்கள் லேசாக மஞ்சளித்தன. ஓரங்கள் மெலிந்து, வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி ஊடுருவித் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்தது. டீக்கறை கடைசியில் என்னையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எலுமிச்சையைக் கூட்டினேன், உப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் அதிகமானது. நான் இன்னும் அழுத்தினேன். இப்போது எழுதும்போது எனக்கே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வலி ஆரம்பித்தது ஒரு மார்கழியில். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன், மேல் முன்பற்கள் இரண்டும் விண்ணென்று தெறித்தன. குளிருக்குத்தான் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் சூட்டுக்கும் தெறித்தது. எங்கள் வேலையில் உறிஞ்சுவது என்பது சூடான சாற்றையும் குளிர்ந்த காற்றையும் ஒன்றாக அதே முன்பற்கள் வழியாக இழுப்பது. கூசுகிற பல்லுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொள்வேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டேஸ்டருக்கு வாய்தான் எல்லாம். வாயில் கோளாறு என்று தெரிந்தால் மறுநாள் அந்த ஸ்டூலில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. இந்த மலையில் ஒரு பெண் இந்த ஸ்டூலைப் பிடிக்க என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் தந்திரம் செய்தேன். கிண்ணங்களை நன்றாக ஆறவிட்டேன். உறிஞ்சாமல், அரைக் கரண்டியை வாயின் ஓரத்தில், கடைவாய்ப் பக்கமாக, சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டேன். ருசி பாதிதான் தெரிந்தது. மீதியை அனுபவத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுகிறவர் ஒரு அண்ணா. அவருக்கு இந்த வருஷம் ஓய்வு. அதிகம் பேசாத மனிதர். டிரையர் என்பது ஈரத் தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் இடம். விறகு அடுப்பின் புகை இரும்புக் குழாய்களுக்குள்ளேயே சுற்றிப் புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். குழாயின் வெளிப்பக்கம் பட்டுச் சூடாகிற காற்று மட்டும்தான் தூளைத் தொடும். புகையும் தூளும் ஒருநாளும் சந்திக்கக் கூடாது. குழாயில் ஒரு வெடிப்பு விட்டால் போதும், தூளெல்லாம் புகை நாறும். அந்தத் தூளை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜனவரியில் ஒரு காலை அவர் டேஸ்டிங் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார், இந்த அறைக்கு அப்படி ஒரு மரியாதை அவரிடம்.

"அம்மணி, டிரையருல என்னமோ சரியில்லீங்க. அடுப்புக் கதவைச் சாத்துனாலும் கண்ணு எரியுது. எனக்கு மூக்குல எந்நேரமும் பொகைதான், வாசனை ஒண்ணும் தெரியாது. நேத்து ஓடுன தூளைக் கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பொகை இருந்தா நிறுத்திப் போடோணும்."

அவராக நிறுத்த முடியாது. மதியத்துக்கு மேல் இலை வந்து குவியும், வந்த இலை காத்திருக்காது. நிறுத்த வேண்டுமென்றால் டேஸ்டர் சொல்ல வேண்டும், அல்லது முதலாளி சொல்ல வேண்டும். அது எங்கள் ஃபேக்டரி வழக்கம்.

வடித்த இலையை எடுத்து முகர்ந்தேன். ஏதோ இருந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் குளிரில் மலையில் எல்லோர் துணியிலும் விறகுப் புகைதான். நானே பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோட்டோரம் நெருப்பு மூட்டியவர்களோடு நின்று குளிர் காய்ந்துவிட்டு வந்திருந்தேன். என் ஸ்வெட்டரும் நாறியது. இந்த மாதிரி நேரத்தில் மூக்கை நம்ப முடியாது, வாய்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சூடாக, முழுக் கரண்டி, சத்தமாக. அதைத்தான் நான் செய்யவில்லை. கிண்ணம் ஆறும்வரை குறிப்பேட்டில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்துவிட்டு, அரைக் கரண்டியை ஓரமாக ஊற்றிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது. ஓட்டுங்க."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நீங்க சொன்னாச் சரிங்க" என்று போய்விட்டார்.

மறுநாளும் வந்து கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். போகிறவர் திரும்பி நின்றார். "இப்பெல்லாம் உங்க சத்தமே கேக்கறதில்லீங்களே அம்மணி?"

"தொண்டை சரியில்லீங்கண்ணா" என்றேன். அது சுத்தப் பொய். மூன்றாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாளும் ஓட்டுங்கள் என்றேன்.

நான்காம் நாள் குன்னூரிலிருந்து புரோக்கர் ஆபீஸ் போன் வந்தது. ஏலத்துக்கு அனுப்பிய சாம்பிளில் புகை. ஒன்றில் இல்லை, மூன்று நாள் சரக்கிலும். முதலாளி அடுப்பை அணைக்கச் சொல்லி டிரையரைப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. எங்களை எல்லாம் அங்கேயே கூப்பிட்டு நிறுத்தினார்.

"கண்ணு எரிஞ்சுதுன்னு சொல்றீங்க. அப்பறம் ஏன் டேஸ்டர்கிட்டயோ எங்கிட்டயோ சொல்லி நிறுத்தலீங்க?" என்று டிரையர் அண்ணாவைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்து, "தப்புத்தானுங்க" என்றார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம். நான் சொல்லி அனுப்பறேன்" என்றார் முதலாளி.

நான் கையில் டிரேயோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷமாக வாயைத் திறந்தே பிழைத்தவள், திறக்க வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை சீக்கிரமே போனேன். ஒவ்வொரு நாள் தூளிலும் கொஞ்சம் எடுத்து டப்பாவில் வைத்திருப்போம். அந்த மூன்று டப்பாவையும் எடுத்து நானே வடித்தேன். ஆறவிடவில்லை. முழுக் கரண்டி எடுத்து, பழையபடி இழுத்தேன். முன்பல்லில் இருந்து கண்ணுக்குப் பின்னால் வரை கம்பியைச் செருகியது போல வலித்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வலி அடங்கிய பிறகும் நாக்கில் புகை நின்றது. அடுப்பங்கரைப் புகை, சந்தேகத்துக்கே இடமில்லாத புகை. இன்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். மூன்று கிண்ணத்திலும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பல் வலிக்கு அழுதேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேராக முதலாளியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு குன்னூர் பஸ் ஏறி ஒரு பல் டாக்டரைப் பார்க்கப் போனேன். மனதில் இருந்தது வைத்தியம் மட்டுமில்லை. குற்றம் என்னுடையதில்லை, பல்லுடையது என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் முப்பது வயதுப் பெண். வாயில் கண்ணாடியை விட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எலுமிச்சம்பழம் நிறைய எடுப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னேன். உப்பையும் சொன்னேன், பேஸ்ட் தொடாததையும் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை என் கையில் கொடுத்து என் பல்லையே எனக்குக் காட்டினார். நான் டீக்கறை என்று தேய்த்துக்கொண்டிருந்த மஞ்சள், கறையே இல்லையாம். பல்லுக்கு மேலே எனாமல் என்று கெட்டியான ஒரு போர்வை இருக்கிறது. அது மெலிந்துபோனதால் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி வெளியே தெரிகிறது. சூடும் குளிரும் தெறிப்பதும் அதனால்தான்.

"எனாமல்ல பெரும்பகுதி தாதுதான். சுண்ணாம்புச் சத்து மாதிரி. புளிப்பு பட்டா அந்தத் தாது கரைஞ்சு வெளிய வரும், மேல்பரப்பு கொஞ்ச நேரத்துக்கு மெத்துன்னு ஆயிடும். சும்மா விட்டா எச்சிலே மெல்ல மெல்ல அதைச் சரி பண்ணப் பார்க்கும். நீங்க அதுக்கு நேரமே குடுக்கலை. மெத்துன்னு ஆன உடனே உப்பைப் போட்டுத் தேய்ச்சுட்டீங்க. தினமும். இத்தனை வருஷம்."

"பேஸ்ட் போட்டிருந்தா?"

"ஃப்ளோரைடு இருக்கற பேஸ்ட் போட்டிருந்தா கொஞ்சம் தாங்கியிருக்கும். கரைஞ்சுபோன தாது திரும்பப் பல்லுல ஒட்டறதுக்கு ஃப்ளோரைடு உதவி பண்ணும். அப்படி ஒட்டுனது அடுத்த தடவை புளிப்பு பட்டா முன்ன மாதிரி லேசுல கரையாது. ஆனா தினம் இப்படி எலுமிச்சையைக் கடிச்சா எந்த பேஸ்ட்டும் முழுசாக் காப்பாத்தாது. முதல்ல எலுமிச்சையை நிறுத்தணும்."

நான் விடவில்லை. ஃப்ளோரைடு என்றதும் எனக்கு டீதான் நினைவுக்கு வந்தது. தேயிலையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். நாள் முழுக்க டீயில் ஊறுகிற வாய்க்கு அது போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இருக்கு. ஆனா நீங்க ரெண்டு நொடி வச்சிருந்து துப்பிடறீங்க. துப்புன கையோட எலுமிச்சை போடறீங்க. ஒரு கையால குடுத்து, இன்னொரு கையால புடுங்கிக்கற மாதிரி."

புதினாவைச் சொன்னேன், நாக்கு கெட்டால் வேலை போய்விடும் என்றேன். காலையில் வெறும் தண்ணீரில் கொப்பளித்து நாக்கை வழித்துவிட்டுப் போங்கள், டேஸ்டிங் முடிந்து, தண்ணீரில் கொப்பளித்து, சற்று நேரம் விட்டு மதியம் ஒரு தடவை தேயுங்கள், படுக்கப் போகும் முன் ஒரு தடவை தேயுங்கள் என்றார். மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், அழுத்தாமல். பெட்டியில் ஃப்ளோரைடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். புளிப்பு எது சாப்பிட்டாலும் தண்ணீரில் கொப்பளிக்கலாம், உடனே பிரஷ்ஷைத் தொடக் கூடாது. இவ்வளவுதான். இருபது வருஷமாக இந்தப் பத்து வரி எனக்குத் தெரியவில்லை.

"தேஞ்சது திரும்ப வளருமா?" என்று கேட்டேன்.

"வளராது. போனது போனதுதான். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம்."

பற்களின் மேல் ஃப்ளோரைடு மருந்து ஒன்றைத் தடவிவிட்டார். முன்பற்கள் இரண்டுக்கும் பிறகு வந்து மேலே பூச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் கேட்டபடி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் சீட்டைப் பிரித்துப் படித்தேன். பல் தேய்மானம், கூச்சம், காரணம் புளிப்பு என்று நாலு வரி இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அண்ணா மூன்று காலை செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கேட்டது அதில் இல்லை. மூன்று காலையும் நான் என்ன சொன்னேன் என்பதும் இல்லை. சீட்டை மடித்துப் பையின் அடியில் போட்டேன். அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

மறுநாள் முதலாளி அறைக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டேன். டிரையர் அண்ணா மூன்று நாளும் கேட்டார், பல் வலிக்குப் பயந்து நான் சரியாகப் பார்க்காமலே ஓட்டச் சொன்னேன், தப்பு அவர் மேல் இல்லை, என் மேல். முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"பல்லு வலின்னா லீவு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா வேற ஆளைப் போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்தான். தூள் தப்பிச்சிருக்கும். ஒரு மனுசன் ஊட்டுல உக்காந்திருக்க மாட்டாரு."

டிரையர் அண்ணாவை அன்றே திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். என்னை டேஸ்டிங்கில் இருந்து எடுத்து, வாய் சரியாகும்வரை பேக்கிங்கில் உட்காரச் சொன்னார். பக்கத்து ஃபேக்டரியில் இருந்து ஒருவர் காலையில் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. வேலையை விட்டே அனுப்பவில்லை, அது அவருடைய நல்ல மனசு.

சேதியைச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டாம், நானே போகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அண்ணா வீட்டுப் பின்னால் பீன்ஸ் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சிருங்கண்ணா என்றேன். அவர் கோபப்படுவார், இரண்டு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு வரலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

"அன்னைக்கு ஏன் என்னைச் சொல்லாம விட்டீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க அம்மணி. மூணு நாளாப் பாத்துட்டே இருந்தனுங்க."

அவ்வளவுதான் பேசினார். திட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேஸ்ட் வைத்துப் பல் தேய்த்தேன். நுரை பொங்கியது. வாய் யாரோ ஒருத்தருடைய வாய் போல இருந்தது. பழக்க தோஷத்தில் கை டம்ளருக்குப் போனது. வாசலில் நின்ற கணவர் வகுப்பில் சொல்வது போலச் சொன்னார்: "துப்பறதோட நிறுத்து. கொப்பளிக்காதே." அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்து, நல்ல தூள் ஒன்றை வடித்துப் பார்த்தேன். வலியைப் பொறுத்துக்கொண்டு இழுத்தேன். புதினா இல்லை. தேயிலை மட்டும்தான் இருந்தது. ராத்திரியோடு வாசனை கரைந்துவிட்டது. நான்கு நாள் இதையே செய்து பார்த்தேன், நான்கு நாளும் இல்லை. இருபது வருஷ விரதம் எதற்கும் உதவாத விரதம். இதை ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்திருக்கக் கூடாதா? அடுத்தவர் தூளில் தப்புக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்? என்மேல் வந்த ஆத்திரத்தில் கணவரிடம் அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. தான் என்ன பாவம் செய்தோம் என்று அவருக்கே தெரியாது.

பேக்கிங்கில் உட்கார்ந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு வேறு ஒருவர் உறிஞ்சும் சத்தம் கேட்கும். பசித்தவள் பக்கத்து வீட்டுத் தாளிப்பைக் கேட்பது போல இருக்கும். எலுமிச்சையை விட்டேன். மதியமும் படுக்கும் முன்பும் பட்டாணி அளவு பேஸ்ட். முன்பற்கள் இரண்டுக்கும் பூச்சுப் போட்டுக்கொண்டேன். கூச்சம் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் சூடு பொறுத்தது. பிறகு ஒருநாள் குழாய்த் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, தெறிக்கவில்லை என்பதே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. சர்ச்சில் என் எலுமிச்சை வைத்தியத்தைக் கேட்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, அதைச் செய்யாதீர்கள் என்று சொன்னேன். ஒருத்தி, "அன்னைக்கே செஞ்சு பாத்துட்டு வுட்டுட்டனுங்க, பல்லு கூசுச்சு" என்றாள். என்னைவிடப் புத்திசாலி.

மூன்று மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஏழு கிண்ணம். எது எந்த நாள் என்று சொல்லவில்லை. சூடாகவே ஆரம்பித்தேன். முழுக் கரண்டி, முழுக் காற்று. ஐந்தாவது கிண்ணத்தில் நிறுத்தினேன். ஜனவரிப் புகை. அந்த டப்பாவில் இருந்து எடுத்து நடுவில் வைத்திருந்தார். அதைத் தள்ளி வைத்தேன். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க" என்றார் முதலாளி.

மறுநாள் காலை நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் டிரையர் அண்ணா வந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். எனக்கு மனசு லேசானது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். நேற்று ஓடிய தூளை இழுத்தேன், துப்பினேன். "நல்லா இருக்குதுங்கண்ணா, ஓட்டுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. சட்டைப் பையில் இருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு கரண்டியை எடுத்தார், வீட்டுச் சமையலறைக் கரண்டி. என் கிண்ணத்தில் இருந்தே ஒரு கரண்டி மொண்டு, வாசலில் நின்று எங்களைக் கேட்டுப் பழகிய மாதிரியே சர்ரென்று இழுத்தார். தொட்டியில் துப்பினார். மூக்கில் எந்நேரமும் புகை என்று சொன்ன மனிதர், எதைக் கண்டுபிடிப்பார்? ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்ற வார்த்தையையும் அதன்பிறகு அவர் சொல்லவே இல்லை. முதல் வாரம் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டாவது வாரம் அவரிடம், வீட்டுக் கரண்டி எதற்குங்கண்ணா, இங்கேயே இருக்கிறதே என்றேன். சரிங்க அம்மணி என்றார். அவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் கிண்ணங்களை அடுக்கியதும் டிரேயில் இரண்டு கரண்டி வைக்கிறேன்.